ஷோ ரிங்குக்கு எந்த பிட்: ஸ்னாஃபிளா, பெல்ஹாமா, டபுளா?

உள்ளூர் ஷோயிங் போட்டிக்கு, அதாவது குதிரையின் தோற்றத்தையும் நடையையும் நடத்தையையும் நடுவர் மதிப்பிடும் போட்டிக்கு, கிளம்பும்போது பிடரி மயிரைப் பின்னுகிறோம், தோல் வாரையெல்லாம் பளபளக்கத் துடைக்கிறோம், குளம்புக்கு எண்ணெய் தடவுகிறோம். குதிரையின் வாய்க்குள் போகிற, லகான் மாட்டும் கம்பியான பிட்டை மட்டும், பக்கத்து லாயத்தில் போடுகிறார்களே என்று அப்படியே வாங்கிவிடுகிறோம். ஆனால் ஷோயிங்கில் பிட் சரியில்லை என்றால் மறைக்க வழியே கிடையாது. ஃபிளாஷ், கிராக்கிள் மாதிரி வாயைக் கட்டும் மூக்குவார்களுக்குத் தாண்டுதல் இல்லாத வகுப்புகளில் பொதுவாக இடமில்லை, கேவ்சன் என்கிற சாதாரண மூக்குவார்தான். குதிரை வாயைப் பிளந்தாலும் நாக்கை வெளியே தொங்கவிட்டாலும் நடுவருக்கு நேராகத் தெரியும்.

முதலில் விதி. பிரிட்டிஷ் முறை ஷோயிங்கில் லீட் ரெயின் (குழந்தை ஏற, ஒருவர் பிடித்து நடத்துவது), ஃபர்ஸ்ட் ரிடன் (குழந்தை முதன்முதலாகத் தனியே ஓட்டுவது) போனிகளுக்கு, அதாவது சிறிய வகைக் குதிரைகளுக்கு, ஸ்னாஃபிள்தான்: லகான் நேரடியாக இழுக்கும், சங்கிலி இல்லாத எளிய பிட். புதுக் குதிரைகளுக்கான நோவிஸ் வகுப்புகளிலும் பெரும்பாலும் அதேதான். அனுபவமுள்ளவையும் வரும் ஓப்பன் வகுப்புகளில் பெல்ஹாம் (ஒரே பிட், இரண்டு லகான்) அல்லது டபுள் பிரைடிலை (இரண்டு பிட், இரண்டு லகான்) எதிர்பார்ப்பார்கள். சிறு போட்டிகள் இதில் தளர்வாக இருக்கும், ஆனால் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. அறிவிப்பைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பிட் வாங்குவதற்கு முன் வாயைப் பார்க்க வேண்டும், நாக்கை முக்கியமாகப் பார்க்க வேண்டும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறதே, அங்கேதான் பிட் உட்காருகிறது. அங்கே ஈறு மெல்லியது, அடியில் எலும்பின் விளிம்பு கூர்மையானது. வுல்ஃப் டீத் எனப்படும் சின்னப் பல் இருந்து பிட் அதில் இடித்தால் எந்த பிட் போட்டாலும் குதிரை தலையை ஆட்டத்தான் செய்யும், அதற்குப் பல் மருத்துவரைத்தான் கூப்பிட வேண்டும். அப்புறம் நாக்கு. பல குதிரைகளுக்கு மூடிய வாயில் நாக்கே இடத்தை முழுக்க அடைத்துக்கொள்கிறது, பிட்டுக்கென்று தனியாக இடம் ஏதும் இல்லை.

இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். என் பெண் குதிரை ஒற்றை மூட்டு ஸ்னாஃபிளில் வாயைத் திறந்துகொண்டே இருந்தாள். தடிமனானது மென்மையானது என்று எல்லோரும் சொல்வதை நம்பி 18 மி.மீ. தடிமனுள்ள ஒன்றைப் போட்டேன், இன்னும் மோசமானது. பல் பார்க்க வந்தவர் உதட்டை விலக்கிக் காட்டினார்: நாக்கு இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கிறது, மேலண்ணம் தாழ்ந்திருக்கிறது, அதற்குள் நான் ஒரு தடிக்கம்பியைத் திணித்து வைத்திருக்கிறேன். 14 மி.மீ.க்கு மாறினோம். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் டிரஸ்ஸாஜ் (பயிற்சி நடைப் போட்டி) விதியில் குதிரைகளுக்கான ஸ்னாஃபிளுக்குக் குறைந்தபட்சத் தடிமன் அதுதான். கொஞ்ச நாளிலேயே அவள் வாய் அடங்கியது. பெரிய, ஆழமான வாயுள்ள குதிரைக்குத் தடிமன் நன்மை செய்யலாம். சின்ன வாய்க்கு அது சுமைதான்.

சரி, ஸ்னாஃபிளுக்குள்ளேயே எது? ஒற்றை மூட்டு பிட் லகானை இழுக்கும்போது நடுவில் மடங்கி அண்ணத்தில் குத்தும் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறோம். குதிரையின் உடலியக்கத்தை ஆராயும் ஹிலாரி கிளேட்டன், குதிரையின் வாய்க்குள் பிட் எப்படி நகர்கிறது என்று எக்ஸ்-ரே வழியாக ஆராய்ந்தவர். லகான் இறுகும்போது பிட் நாக்குக்குள் அழுந்துகிறது, மூட்டு அண்ணத்தை விட்டு விலகத்தான் செய்கிறது என்பது அவருடைய ஆய்வுகளில் தெரிந்தது. ஆக, பாதிக்கப்படுவது முக்கியமாக நாக்கு. அதனால்தான் நான் இரட்டை மூட்டை, அதிலும் நடுவில் உருண்டையான லாஸெஞ்ச் உள்ளதைத் தேர்ந்தெடுப்பேன், அது நாக்கின் வளைவோடு ஒட்டிப் படிகிறது. நடுவில் சின்னத் தட்டு உள்ள பிரெஞ்சு லிங்க்கும் நல்லதுதான், அந்தத் தட்டு படுக்கையாக இருக்கும். டாக்டர் பிரிஸ்டல் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அதன் தட்டு சாய்வாக அமைந்திருப்பதால் விளிம்பு நாக்கில் பதியும். கடையில் இரண்டையும் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள், மாற்றி வாங்கி வருபவர்கள் நிறையப் பேர்.

மூட்டே இல்லாத முல்லன், லேசாக வளைந்த ஒரே கம்பி. எந்நேரமும் பிட்டை மென்றுகொண்டு பதறுகிற குதிரைக்கு இது ஆறுதலாக இருக்கும், ஏனென்றால் வாய்க்குள் எதுவும் அசைவதில்லை. ஆனால் அழுத்தம் முழுக்க நாக்கின் மேல் பரவும், தவிர லகானால் ஒரு பக்கத்தோடு மட்டும் தனியாகப் பேச முடியாது, சில குதிரைகள் அதன் மேலேயே சாய்ந்துகொள்ளும். நாக்கு தடித்த குதிரைக்கு, நடுவில் அகலமாகவும் தாழ்வாகவும் வளைவு உள்ள போர்ட் வகையை ஒரு முறை போட்டுப் பாருங்கள். போர்ட் என்றதும் கொடூரம் என்று நினைக்கிறோம். உயரமான போர்ட்தான் அண்ணத்தைத் தொடும், தாழ்ந்தது நாக்குக்கு இடம் விடுகிறது.

பக்கவளையத்தில், துளைக்குள் தளர்வாகச் சுழலும் லூஸ் ரிங் அசைந்துகொண்டே இருப்பதால் லகானில் தொங்குகிற குதிரைக்குப் பிடிமானம் கிடைக்காது. ஆனால் அளவு சிறிதாக இருந்தால் துளையில் உதட்டோரம் சிக்கிக் கிள்ளும், இரு பக்கமும் 5 மி.மீ. அளவுக்கு இடம் விட வேண்டும். வளையம் கம்பியோடு கீல் போல இணைந்த எக்பட் அசையாது, கிள்ளாது, ரிங்கில் பார்க்கவும் சுத்தமாக இருக்கும். முதல் போட்டிக்குப் போகிற குதிரைக்கு என் தேர்வு எக்பட் லாஸெஞ்ச்தான், யோசிக்காமல் சொல்வேன். மேலே தனிச் சிறு வளையத்தில் கன்னவாரோடு மாட்டும் ஹேங்கிங் சீக் இன்னும் அசையாமல் தொங்கும். அது தலையுச்சியில் அழுத்தும் என்று சொல்லி விற்பார்கள், அந்தக் காரணத்துக்காக நான் வாங்க மாட்டேன், அசையாமைக்காக வாங்குவேன்.

இனி ஓப்பன் வகுப்பு. டபுள் பிரைடில் அழகு, அதை நான் மறுக்கவில்லை. பிரிடூனும் (மெல்லிய ஸ்னாஃபிள்) வேமவுத்தும் (தண்டும் தாடைக்கடியில் கர்ப் செயின் என்கிற சங்கிலியும் உள்ள கர்ப் பிட்) தனித்தனி லகானில் இருப்பதால், நல்ல கை உள்ளவர் தேவையான அளவு மட்டும் கேட்க முடியும். ஆனால் மேலே சொன்ன அந்த நெருக்கடியான வாய்க்குள் இரண்டு உலோகக் கம்பிகள். என் குதிரை மாதிரி வாய்க்கு அது நியாயமில்லை. பெல்ஹாமில் ஒரே கம்பி, இரண்டு லகான். இரண்டு வேலையும் கலந்துபோகிறது, டபுளின் நுணுக்கம் வராது என்பது உண்மை. இருந்தாலும் குட்டை வாயுள்ள காப் (கட்டுமஸ்தான குட்டைக் குதிரை), போனி, தடித்த நாக்குள்ள குதிரை எல்லாமே முல்லன் பெல்ஹாமில் அமைதியாகப் போவதை மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். வல்கனைட் (கடினமாக்கிய ரப்பர்) பெல்ஹாம் சிலவற்றுக்குப் பிடிக்கும், ஆனால் அது தடிமன், அதே கேள்வி திரும்ப வரும். கர்ப் செயின் உள்ள இன்னொரு பிட்டான கிம்பிள்விக்கில் லகான் ஒன்றுதான், கர்ப் வேலையைத் தனியாக விட்டுவிட வழியில்லை. துள்ளும் போனியைக் குழந்தை நிறுத்த உதவும், மற்றபடி எனக்கு அதில் பெரிய விருப்பமில்லை.

எதை எடுத்தாலும் கர்ப் செயின் தாடைப் பள்ளத்தில் முறுக்கில்லாமல் படுக்க வேண்டும், பிட்டின் தண்டு சுமார் 45 பாகை திரும்பும்போதுதான் அது பிடிக்க வேண்டும். அதற்கு முன்பே பிடித்தால் குதிரை கழுத்தைச் சுருட்டிக்கொண்டு பிட்டை விட்டு ஒளிகிறது. சிலர் அதை அழகான தலைநிலை என்று எண்ணிவிடுகிறார்கள், எனக்கு அது வேதனையாக இருக்கும்.

பலர் மறந்துவிடும் ஒன்று: ஹண்டர், காப், ரைடிங் ஹார்ஸ் மாதிரி வகுப்புகளில் நடுவரே ஏறி ஓட்டுவார். அவர் கை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது, குதிரைக்கும் தெரியாது. உங்கள் மென்மையான கையில் மட்டும் நல்லபடியாக நடக்கிற கூர்மையான பிட்டைப் போட்டுக்கொண்டு போனால், அறிமுகமில்லாத ஒருவர் கொஞ்சம் இறுக்கிப் பிடித்ததும் வலி குதிரைக்குத்தான். வீட்டில் வேறு இரண்டு மூன்று பேரை ஏற்றிப் பாருங்கள். அவர்கள் கையிலும் வாய் மூடியபடி, காது தளர்ந்து, சீராக நடந்தால் அந்த பிட் தயார்.

புதியதை ரிங்கில் முதன்முதலாகப் போடாதீர்கள், இரண்டு மூன்று வாரமாவது வீட்டில் போட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை கழற்றியதும் உதட்டோரத்தையும் ஈறையும் விரலால் தடவிப் பாருங்கள். சிவப்பு, தடிப்பு, தொட்டதும் தலையை இழுத்துக்கொள்வது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கு பிட் இல்லாமல் ஹெட்காலரோடு (வெறும் தலைவாரோடு) நடக்க வையுங்கள்.