சின்ன லேத்துக்கு எந்த நர்லிங் ஹோல்டர்?

குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குச் சில்லறை வேலை செய்து கொடுக்கும் லேத் பட்டறை எங்களுடையது. நாப், கைப்பிடி, அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ என்று நர்லிங், அதாவது கை வழுக்காமலிருக்க உலோகத்தின் மேல் சொரசொரப்பாகப் பல் பதிப்பது, கேட்கும் ஜாப் வந்துகொண்டே இருக்கும். "கை ஈரத்துல வழுக்குதுண்ணே, நல்லா கரடா போட்டுக் குடுங்க" என்பார்கள்.

லேத்தோடு வந்தது, பல் பதிக்கும் வீல் மூன்று ஜோடி உள்ள சுழல் தலை ஹோல்டர். தலையைத் திருப்பினால் கரடு, நடுத்தரம், பொடி எல்லாம் கிடைக்கும். வசதிதான். ஆனால் அது ஜாப்பை (லேத்தில் சுழலும் உருப்படியை) ஒரே பக்கமிருந்து முட்டித் தள்ளுகிறது. அத்தனை அழுத்தமும் ஜாப்பைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங்கிலும், ஹோல்டரை முன்னும் பின்னும் நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு ஸ்க்ரூவிலும்தான் இறங்கும். மெலிந்த தண்டு என்றால் மறுமுனையில் டெயில்ஸ்டாக் சென்டர் முட்டுக் கொடுத்தாலும் நடுவில் வளைந்து, அந்த இடத்தில் பல் மேலோட்டமாக விழும். கனமான லேத்துக்காரர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. எங்களுடையது பழைய நாலரை அடி லேத்.

அதனால் கிளாம்ப் டைப்புக்கு மாறினோம். மேலே ஒரு வீல், கீழே ஒரு வீல். இடுக்கி போல ஜாப்பைக் கவ்வும். இரண்டு பக்க அழுத்தமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் லேத் முனகுவதில்லை. 8 மி.மீ. பித்தளைத் தண்டில்கூடப் பல் சீராக விழுகிறது. இரண்டு வீலின் மையமும் ஜாப் மையத்துக்கு நேர் மேலும் கீழும் நிற்கவேண்டும், அவ்வளவுதான். வாய் விரியும் அளவுக்கு மேல் பெரிய டயா (விட்டம்) வந்தால் மட்டும் பழைய ஹோல்டரை எடுக்கிறோம்.

கோயம்புத்தூர் இறங்கி வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் ஹோல்டரின் வீல் தாங்கும் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம். அடுத்தது வீல் சுழலும் அச்சான பின் (pin). மலிவு ஹோல்டர்களில் பின் மெத்தென்று இருக்கும். சீக்கிரம் தேய்ந்து வீல் தள்ளாடும். வீலின் துளை 6 மி.மீ. என்றால் கடினப்படுத்திய 6 மி.மீ. டவல் பின் (dowel pin, உருண்டையான எஃகுப் பின்) போட்டுவிடலாம். நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

பல் இரட்டையாக விழுந்தால் உடனே ஹோல்டரைத் திட்டாதீர்கள். ஜாப்பின் சுற்றளவு பிட்ச்சால் (பல்லுக்குப் பல் உள்ள இடைவெளியால்) மிச்சமில்லாமல் வகுபடுகிறதா என்று பாருங்கள். 1 மி.மீ. பிட்ச் நேர்ப்பல் வீலுக்கு 20 மி.மீ. டயாவில் 62.8 பல் வரும், 19.74-க்கு இறக்கினால் சரியாக 62. தொடக்கத்திலேயே அழுத்தமாகக் கவ்வவிட்டு, வேகத்தைக் குறைத்து, ஆயிலைத் தாராளமாக ஊற்றுங்கள். உதிரும் செதில் கழுவிப் போகாவிட்டால் அதுவும் பல்லுக்குள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், நம் ஊர் மூடுபனிக்கு வீலில் துரு ஏற ஒரு வாரம் போதும். வேலை முடிந்ததும் துடைத்து, ஆயில் துணியில் சுற்றி வையுங்கள்.