எயார் ரைபிள் குழல் துடைக்கும் செட்: நூல் சரி, முடிச்சு சரியில்லை

வன்னித் தோட்டங்களில் குரங்கு விரட்டும் 4.5 மி.மீ. எயார் ரைபிளுக்கு நூல், துணி, பித்தளை பிரஷ், எண்ணெய் உள்ள இந்த செட் போதும். குறி சிதறினால் பெரும்பாலும் குழலின் சுரிகளில் (உட்புறச் சுழல் வரிகளில்) ஈயம் படிந்திருக்கும். உள்ளே குண்டில்லை என்று பார்த்துவிட்டு, குண்டு போடும் பக்கத்தால் நூலை விட்டு, துணியை வாய்ப்பக்கமாக ஒரே இழுவையில் எடுக்கவேண்டும். பின்னுக்கு இழுத்தால் துணி சுருண்டு இறுகிவிடும். முதல் துணி கரிச்சட்டி துடைத்ததுபோல வரும். வெள்ளையாக வந்ததும் நிறுத்தலாம்.

குறை நூலின் முடிச்சுத்தான், அதில்தான் அறும். அந்த இடத்தில் தங்கூசி (நைலோன் நூல்) மாற்றிக் கட்டினால் அறாது. பித்தளை பிரஷ் தேவையில்லாத சாமான். எண்ணெயில் ஓரிரு சொட்டுக்கு மேல் வேண்டாம்: காற்றை அமுக்கும் அறைக்குள் போனால் அமுக்கச் சூட்டில் தீப்பற்றி, வாஷர், ஸ்பிரிங் இரண்டையும் கெடுக்கும்.

துடைத்தபின் முதல் பத்துப் பதினைந்து குண்டு விலகிப் போகலாம். உடனே சைட்டை (குறிபார்க்கும் பாகத்தை) திருகாதீர்கள்.