டைனமோ ஒயரை மறைக்கிறேன் என்று போர்க்கில் ட்ரில் போடுகிறார்கள், ஜாக்கிரதை

நெடுந்தூரம் போகிற டூரிங் சைக்கிளுக்கு ஹப் டைனமோ (முன்சக்கரத்தின் நடுவிலேயே இருந்து, சக்கரம் சுற்றும்போது விளக்குக்குக் கரண்ட் தருவது) மாட்டி, ஒயர் வெளியே தெரியாமல் செய்து தருகிறோம் என்று சொல்லும் கடையில் வண்டியை விடப்போகிறீர்கள் என்றால், விடுவதற்கு முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஃபிரேமிலோ, முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் போர்க்கிலோ ஓட்டை போடுவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். எனக்கு நடந்ததை முழுசாக எழுதுகிறேன், இன்னொருவர் மாட்டக்கூடாது.

என்னுடையது ஸ்டீல் ஃபிரேம், ஸ்டீல் போர்க். முன்சக்கரத்தில் ஷிமானோ ஹப் டைனமோ, போர்க்கின் இரண்டு காலும் மேலே சேரும் கிரவுனில் ஹெட்லைட், பின் கேரியரில் டெயில் லைட். சாமான் எல்லாம் நானே வாங்கிக் கொடுத்துவிட்டேன், ஒயரிங் வேலைதான் பாக்கி. கோவையில் வெளிநாட்டு சைக்கிள்களுக்கு வேலை பார்ப்பதாகப் பெயர் வாங்கிய ஒரு கடை, பெயர் வேண்டாம். "ஒரு இஞ்ச் ஒயர்கூட வெளியே தெரியாதுங்க சார், கம்பெனி ஃபினிஷிங் மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். ட்ரில் என்ற பேச்சே வரவில்லை. எட்டாயிரம் ரூபாய் கூலி, அதையும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

வண்டி திரும்பி வந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. போர்க்கின் வலது காலில் கீழே ஒரு ஓட்டை, மேலே கிரவுனுக்கு ஒட்டி ஒரு ஓட்டை, அப்புறம் டவுன் டியூபின் (முன்னாலிருந்து பெடல் அச்சுக்குச் சரிவாக இறங்கும் குழாய்) நடுவில் ஒன்று, பின்னால் செயின்ஸ்டேயில் (பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) ஒன்று. ஒயர் எல்லாம் குழாய்க்குள் போய்விட்டது. ஓட்டை வாயில் ரப்பர் வளையம் இல்லை, தேய்த்து மழுக்கவும் இல்லை, வெட்டின விளிம்பு பிளேடு மாதிரி நிற்கிறது. ஏன் கேட்காமல் ஓட்டை போட்டீர்கள் என்றதற்கு, "இப்ப எல்லா கம்பெனியும் ஓட்டையோடதான் சார் ஃபிரேம் விடுறாங்க" என்று பதில்.

கம்பெனி விடுகிறது, உண்மைதான். ஆனால் அங்கே ஃபிரேமை வடிவமைக்கும்போதே ஓட்டை எங்கே வர வேண்டும் என்று கணக்குப் போட்டு, தேவையான இடத்தில் சுற்றிலும் வலுவுக்குத் துண்டு வைத்துப் பற்றவைத்து, அதற்கப்புறம்தான் பெயின்ட் அடிக்கிறார்கள். நல்ல ஸ்டீல் ஃபிரேமின் குழாய் இரண்டு முனையிலும் கொஞ்சம் தடிமனாகவும் நடுவில் மெலிந்தும் இருக்கும், நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த மெலிந்த இடத்தில் கைட்ரில்லை வைத்து ஓட்டை போட்டால் வலு கூடுமா குறையுமா என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதைவிட மோசம் போர்க். பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் அதிக பாரம் வாங்குவது கிரவுனை ஒட்டிய பகுதி, விரிசல் விட ஒரு இடம் தேடினால் அதற்கு இந்த ஓட்டையே போதும். ஓட்டை ஓரத்தில் பெயின்ட் போய் வெறும் இரும்பு நிற்பதால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி குழாயைத் துருப்பிடிக்க வைக்கும், அது வெளியே தெரியவும் தெரியாது. ஃபிரேமின் வாரண்டி அன்றைக்கே முடிந்தது.

விளக்கு காலை வாரியது வால்பாறையிலிருந்து இறங்கும்போது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், போனவர்களுக்குத் தெரியும். வழியிலுள்ள அட்டகட்டி தாண்டியதும் மேகம் இறங்கி, தூறலும் சேர்ந்து, நேரத்துக்கு முன்பே இருட்டிவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏனுங் தம்பி, பின்னாடி லைட்டே இல்லாம போறீங்க!" என்று கத்திய பிறகுதான் டெயில் லைட் செத்துப்போனது எனக்குத் தெரிந்தது. ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியாத விளக்கு அது, அதனால்தான் அதன் ஒயரில் செய்கிற அலட்சியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்னும் சில வளைவு இறங்கியதும் ஹெட்லைட்டும் மங்கி, வண்டி நிற்கும்போது எரியும் அந்தச் சின்ன வெளிச்சம் மட்டும் மிச்சமாக இருந்து, அதுவும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. ஒரு பிக்கப் வண்டிக்காரர் எனக்குப் பின்னாலேயே மெதுவாக வெளிச்சம் போட்டபடி ஆழியாறு செக்போஸ்ட் வரை வந்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மறுநாள் கடைக்குப் போனேன். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "ஒயர் ஷார்ட் ஆகி ஹப் காயில் எரிஞ்சுபோச்சு சார், ஹப் மாத்தணும், சக்கரத்தைத் திரும்பக் கோக்கணும்" என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள். இந்த இடத்தில்தான் நான் ஏமாற்று வேலை என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன், முதலில் நடந்ததை வேலை தெரியாமை என்று விட்டிருப்பேன். ஹப் டைனமோவில் இரண்டு முனையும் சேர்ந்து ஷார்ட் ஆனாலும் காயில் எரியாது. அதன் அமைப்பே அப்படி, எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கரண்ட் அரை ஆம்பியர் அளவோடு நின்றுவிடும். விளக்கு அணையும், அவ்வளவுதான்.

ஹப் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். ஹப்பில் ஒயர் சேரும் பிளக்கைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து முனைகளில் தொட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், வோல்ட் ஏறி இறங்கினால் ஹப் நலம். மீட்டர் இல்லையென்றால் ஹெட்லைட்டைக் கழற்றி இரண்டு துண்டு ஒயரால் நேராக ஹப்பில் தொட்டுப் பாருங்கள். என் வண்டியில் அந்தப் பிளக்கைக் கழற்றவே முடியவில்லை, க்ளூ கன்னால் பசை ஊற்றி அடைத்து வைத்திருந்தார்கள். வழியில் முன்சக்கரம் பஞ்சர் ஆகியிருந்தால் சக்கரத்தைக் கழற்ற ஒயரைத்தான் வெட்டியிருக்க வேண்டும்.

பொள்ளாச்சியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். சைக்கிள் டைனமோ பார்த்து வருஷக்கணக்கானது என்றார், ஆனால் பத்து நிமிஷத்தில் கோளாறைப் பிடித்துவிட்டார். டவுன் டியூப் ஓட்டைக்கும் கிரவுனுக்கும் நடுவில் ஒயரை இழுத்து விறைப்பாகக் கட்டியிருந்ததால், ஹேண்டில்பாரைத் திருப்பும்போதெல்லாம் ஓட்டையின் விளிம்பு அறுத்து டெயில் லைட் ஒயர் உள்ளேயே துண்டாகியிருந்தது. போர்க்கின் மேல் ஓட்டையில் அதிர்ந்து அதிர்ந்து தோல் உரிந்த ஹப் ஒயர் இரும்பைத் தொட்டு ஷார்ட். ஷிமானோ ஹப்பில் ஒரு முனை அச்சோடு சேர்ந்திருக்கும், அதனால் மற்றது போர்க்கைத் தொட்டாலே போதும். குழாய்க்குள் இரண்டு இடத்தில் ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டுப் போட்டிருந்தார்கள், சால்டரிங் இல்லை. டெயில் லைட்டுக்கு ஒற்றை ஒயர்தான் போயிருந்தது, திரும்பும் வழிக்கு ஃபிரேமையே நம்பிவிட்டார்கள். டயரில் உரசி ஓடும் அந்தக் காலத்து டைனமோவுக்கு அப்படித்தான் செய்வோம், கிளாம்பில் உள்ள கூர் திருகு பெயின்ட்டைக் கிழித்து எர்த் பிடிக்கும். பவுடர் கோட்டிங் அடித்த ஃபிரேமும் பெயின்ட் அடித்த கேரியரும் உள்ள இன்றைய வண்டிக்கு இரண்டு ஒயர் கொடுப்பதுதான் நம்பகம்.

அவரே திரும்ப ஒயரிங் செய்து கொடுத்தார், ஓட்டை எதையும் தொடாமல். ஹப்பிலிருந்து போர்க் காலின் பின்பக்கமாக ஒயர் ஏறுகிறது, கறுப்பு போர்க்கில் கறுப்பு ஒயர், எதிரே நின்று பார்த்தால் தெரியாது. ஹெட்லைட்டிலிருந்து பின்பிரேக் கேபிளோடு சேர்த்துச் சுற்றி, ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்பும் அளவுக்கு ஒரு தொங்கல் விட்டு, டவுன் டியூபின் அடிவயிறு வழியாகப் போய், பெடல் அச்சுக்குக் கீழே கடந்து, அப்புறம் மட்கார்டின் உள்மடிப்புக்குள் நுழைந்து கேரியருக்கு வருகிறது. மட்கார்டின் அந்த மடிப்பு ஒயர் வைப்பதற்கென்றே செய்தது போல இருக்கும். ஒட்டுகள் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுக்கும் உறை) போட்டவை, பிளக் கையால் கழன்று வரும். நாலடி தள்ளி நின்று ஒயர் எங்கே என்று நண்பர்களைக் கேட்டால் தேடுகிறார்கள்.

போர்க்கை மாற்றிவிட்டேன், வேறு வழி இல்லை. கூலியைத் திருப்பிக் கேட்டதற்கு, "வேலை முடிஞ்சு டெலிவரி எடுத்துட்டீங்க சார்" என்றார்கள், அதன்பின் போனை எடுக்கவில்லை. பில்லும் ஓட்டைகளின் போட்டோவும் வைத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கிறேன். வேலைக்கு விடுமுன் வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்து, "ட்ரில் கூடாது" என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே இப்படி ஓட்டை போட்ட வண்டி உங்களிடம் இருந்தால், ஓட்டையைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். விளிம்பிலிருந்து மயிரிழை மாதிரி பெயின்ட்டில் ஒரு கோடு கிளம்பினாலோ, துருக்கறை வழிந்திருந்தாலோ, அதுவும் போர்க்கில் இருந்தால், அந்த வண்டியை அதற்குமேல் ஒரு தெருகூட ஓட்டாதீர்கள்.