மாடியில் சோலார் போட்டு மூன்று வருஷம்: பில் இறங்கியது, செலவழித்த கரண்ட் ஏறியது

2022 ஜூனில் மதுரை வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் ஆன்கிரிட் சோலார், அதாவது தெரு மின்லைனோடு இணைந்து ஓடுகிற வகை, போட்டேன். பேட்டரி கிடையாது, மொத்தம் 1,85,000 ரூபாய். 2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்து இதே 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தபோது கொஞ்சம் வயிறு எரிந்தது உண்மைதான், அது கிடக்கட்டும்.

உற்பத்தியைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் என்று பொதுவாகச் சொல்வார்கள், எனக்கு மூன்று கிலோவாட்டுக்கும் சேர்த்துச் சராசரி பதினொன்றரைக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. நிறையக் கிடைப்பது மார்ச்சில்தான், எல்லோரும் நினைப்பதுபோல மே மாதத்தில் இல்லை. பேனலின் திறனை 25 டிகிரி சூட்டில் வைத்துத்தான் அளக்கிறார்கள், அக்னி நட்சத்திர மத்தியானத்தில் அது அறுபதைத் தாண்டிக் கொதிக்கும்போது பத்து சதவீதத்துக்கு மேல் அப்படியே போய்விடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாளைக்கு மூன்று யூனிட் வந்தாலே பெரிய விஷயம்.

போட்ட இரண்டாவது வாரமே பட்டப்பகலில் கரண்ட் போனது. "ஏம்ப்பா, இவ்வளவு காசு போட்டு மாடி பூரா தகடு மாட்டி வச்சிருக்க, ஒரு ஃபேன் ஓடலையே" என்றார் அம்மா. ஆன்கிரிட் என்றால் அப்படித்தான், லைனில் கரண்ட் இல்லையென்றால், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். நம் வீட்டுக் கரண்ட் லைனுக்குள் போனால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் உயிருக்கு ஆபத்து, அதற்காகத்தான். காரணத்தைச் சொன்னதும் அம்மா ஒத்துக்கொண்டார், ஆனால் வடகம் காயப்போட்ட இடத்தைப் பேனல் பிடித்துக்கொண்டதை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இன்னொரு கோளாறு டிசம்பரில்தான் தெரிந்தது. பதினொரு மணி வெயிலில்கூட உற்பத்தி பாதியாக இருந்தது, ஏறிப் பார்த்தால் தெற்கே இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் நிழல் இரண்டு பேனலின் ஓரத்தில் விழுகிறது. போட வந்தவர்கள் இடம் பார்த்தது ஜூனில், அப்போது சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும், தொட்டி நிழல் பேனல் பக்கமே வராது. டிசம்பரில் தெற்கே சாய்ந்துவிடும். பேனல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைந்திருப்பதால் ஒரு ஓரத்து நிழல் அந்தப் பேனலோடு நிற்காமல் மொத்த வரிசையையும் இழுத்துவிடக்கூடும். நீங்கள் போடுவதானால் தெற்கே என்னென்ன உயரமாக நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வருஷம் போர் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன், காய்ந்ததும் கண்ணாடி மேல் வெள்ளையாக உப்புப் படிந்துவிட்டது, அதைத் தேய்த்து எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. இப்போது பிடித்து வைத்த மழைத் தண்ணீர், விடியற்காலை, நீளமான மாப், அவ்வளவுதான். காக்கை எச்சத்துக்கு மட்டும் முந்தின நாள் ராத்திரியே ஈரத்துணி போட்டு ஊற வைக்கவேண்டும்.

சரி, நான் எழுத உட்கார்ந்த விஷயம் வேறு. சோலார் போட்ட முதல் வருஷம் இரண்டு மாத பில் சில தடவை நூறு யூனிட்டுக்குள்ளேயே வந்தது, முதல் நூறு இலவசம் என்பதால் கட்டணம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. அந்தத் தெம்பில் 2024 ஏப்ரல் வெயிலுக்கு அம்மா அறைக்கும் ஒரு ஏ.சி. வாங்கினோம். 'வெயில்தானே கரண்ட் தருது' என்று ராத்திரி பூரா 22இல் ஓடியது. நெட் மீட்டர் என்பது லைனிலிருந்து எடுத்ததையும் நாம் லைனுக்கு அனுப்பியதையும் அளக்கிற மீட்டர். அனுப்பியதைக் கழித்தது போக மிச்சம்தான் பில்லில் கட்டணமாக வரும், வீட்டில் மொத்தம் எவ்வளவு கரண்டைச் செலவழித்தோம் என்று அதில் எங்கும் இருக்காது. இன்வெர்ட்டர் காட்டிய உற்பத்தியில் வெளியே அனுப்பியதைக் கழித்து, லைனிலிருந்து எடுத்ததைக் கூட்டி நோட்டில் போட்டுப் பார்த்தேன். சோலாருக்கு முன்பு 2022 ஏப்ரல், மேயில் 860 யூனிட். 2024இல் அதே இரண்டு மாதம் 1,180. சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் வீட்டுக் கணக்கு இது.

பகலில் போட்டு வைத்து ராத்திரி எடுத்துக்கொள்ளலாம், லைன் ஒரு பேங்க் மாதிரி என்பார்கள். பணத்துக்கு அது சரி. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு என் ஏ.சி.க்கு வருவது மத்தியானம் நான் கொடுத்த கரண்ட் இல்லை, அந்த நேரத்தில் எங்கோ எரிகிற நிலக்கரியும் அதில் இருக்கிறது. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தைக் கடந்து போகும்போதெல்லாம் இப்போது இந்த நினைப்பு வருகிறது. ஆடிக்காற்றில் காற்றாலைகள் நன்றாக ஓடுகிற மாதங்களில் கொஞ்சம் நிம்மதி.

அதனால் மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் பதினொரு மணிக்கு மேல்தான் என்று வைத்துக்கொண்டோம். ஐந்து மின்விசிறிகளையும் குறைந்த கரண்டில் ஓடுகிற பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினேன், பழையது 75 வாட் இழுத்த இடத்தில் இது முப்பதுக்குள். விலை ஒன்று மூவாயிரம் பக்கம், முதலில் யோசிக்க வைக்கும், ஆனால் என்னைக் கேட்டால் சோலாருக்கு முன்பே செய்திருக்கவேண்டிய வேலை இதுதான். ஏ.சி. 27, கூடவே ஃபேன். இந்த வருஷம் ஏப்ரல், மே கணக்கு 930க்கு இறங்கியிருக்கிறது. இன்னும் 860க்கு வரவில்லை.

தொட்டியை வடக்கு மூலைக்கு மாற்றக் கொத்தனாரைக் கேட்டிருக்கிறேன், டிசம்பருக்குள் முடிக்கவேண்டும். அது நகர்ந்தால் காலியாகிற இடம் தனக்குத்தான் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.