பழைய கார்வெட் வாங்கப் போகிறீர்களா? மேல்பூச்சை நம்பாதீர்கள்

ஓஹாயோ, மிச்சிகன் பக்கம் இருக்கும் நம் ஆட்களில் பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் மேல் கண் வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. ஒரு டீலரிடம் 1979 கார்வெட் வாங்கினேன், நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில், ஏன் அந்தக் கார்? மூன்றாம் தலைமுறை கார்வெட் 1968 முதல் 1982 வரை வந்தது. 1979இல் மட்டும் 53,807 கார்கள் தயாராகின, அதனால் அரிதான கார் இல்லை. போதாக்குறைக்கு அது புகைக் கட்டுப்பாட்டு விதிகள் எஞ்சினின் கழுத்தை நெரித்திருந்த காலம்; 5.7 லிட்டர் வி8, சாதாரண எல்48 வடிவத்தில் 195 குதிரைத்திறன்தான். அதனால் சேகரிப்பாளர்கள் அறுபதுகளின் கார்களைத் தேடிப் போகிறார்கள், இது நம் கைக்கு எட்டுகிற விலையில் கிடக்கிறது. அந்த நீண்ட மூக்கும் ஒடுங்கிய இடுப்பும் மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு அது போதும்.

விளம்பரத்தில் இருந்தது இது: எல்82 எஞ்சின் (எல்48ஐ விடச் சக்தி கூடியது), ஃப்ளோரிடா கார், வரலாற்று அறிக்கை சுத்தம், ஃபைபர் பாடி, துருவே கிடையாது.

பானட்டில் எல்82 சின்னம் பளிச்சென்று ஒட்டியிருந்தது. ஆனால் 1979 காரின் விஐஎன் எண்ணில், அதாவது காரின் அடையாள எண்ணில், ஐந்தாவது எழுத்துதான் எஞ்சினைச் சொல்லும். 4 என்றால் எல்82, 8 என்றால் எல்48. முன்கண்ணாடித் தூண் ஓரத்துத் தகட்டில் இருந்தது 8. காட்டினேன். விற்பனையாளர் வாதாடவே இல்லை. பழைய ஓனர் ஒட்டியிருப்பார் என்று வருத்தப்பட்டு, உடனே இரண்டாயிரம் டாலர் குறைத்தார். இப்போது யோசித்தால் அதுதான் அவர்களின் தொழில் திறமை. சின்னப் பொய்யில் சட்டென்று சரணடைந்துவிட்டால் பெரிய பொய்யை யாரும் கிளற மாட்டார்கள்.

அந்தச் "சுத்தமான வரலாற்று அறிக்கை"யைப் பற்றியும் சொல்ல வேண்டும். 17 இலக்க விஐஎன் 1981 மாடலில் இருந்துதான் வந்தது. கார் வரலாற்று அறிக்கை தரும் சேவைகள் பெரும்பாலும் அந்த 17 இலக்கத்தை வைத்துத்தான் தேடுகின்றன. 1979 காருக்கு 13 இலக்கம்தான். ஆக, வழக்கமான அந்த அறிக்கை இதற்குக் கிடைப்பது கஷ்டம். என் கையில் கொடுத்தது டைட்டில் (உரிமைப் பத்திரம்) விவரம் அச்சிட்ட ஒரு தாள். அதில் கடைசியாகப் பதிவான மாநிலம் மட்டும் இருந்தது, ஃப்ளோரிடா. இந்தக் காரில் பேட்டரி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் இருக்கும். பிறகு அதைத் தூக்கிச் சுத்தம் செய்தபோது அடியில் ஒரு பழைய ஆயில் சேஞ்ச் ரசீது ஒட்டிக்கிடந்தது. ஊர், நியூயார்க் மாநிலத்து பஃபலோ. பனி உருகக் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிற ஊர்; அந்த உப்புதான் காரின் இரும்பை அரிக்கும்.

ஃபைபர் துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் கார்வெட்டில் ஃபைபர் வெறும் தோல். அதற்குள் முன்கண்ணாடிச் சட்டம், கதவுத் தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்த எஃகுக் கூண்டு ஒன்று இருக்கிறது. இந்தக் கார்க்காரர்கள் அதை 'பேர்ட்கேஜ்' என்பார்கள். அதற்கும் கீழே எஃகுச் சேஸிஸ். கண்ணாடி மூலைகளிலும் டி-டாப் (கழற்றி எடுக்கும் பலகைகள் கொண்ட) கூரை ஓரங்களிலும் கசிகிற தண்ணீர் இந்தக் கூண்டுக்குள் இறங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டே இருக்கும்.

காரைத் தூக்கிக் காட்டச் சொன்னேன், தூக்கினார்கள். அடிப்பக்கம் முழுக்கப் புத்தம்புதுக் கறுப்புப் பூச்சு. என் மெக்கானிக்கை அழைத்து வருகிறேன் என்றேன். இன்சூரன்ஸ் பிரச்சினை, வெளியாளை ஒர்க்‌ஷாப்புக்குள் விட முடியாது என்று சொல்லி, தங்கள் ஆள் சோதித்த தாளைத் தந்தார்கள். 'ஃபிரேம், பாடி' என்ற வரிக்கு நேரே 'நன்று' என்று டிக்.

முதல் பெரிய மழையிலேயே டிரைவர் பக்கக் கார்ப்பெட் நனைந்தது. கண்ணாடிக்கடையில் விட்டேன். ஓரப்பட்டையைக் கழற்றிய பையன் வேலையை நிறுத்திவிட்டு என்னை அழைத்தான். கண்ணாடியை ஒட்டவே இரும்பு இல்லை. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் கம்பிவலை, அதன்மேல் பட்டி, அதன்மேல் காரின் நிறத்திலேயே பெயின்ட். பிறகு கால்வைக்கும் இடத்துப் பக்கப்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். தூணின் அடி சேஸிஸோடு சேரும் இடத்தில் விரல் உள்ளே போனது. பின்சக்கரத்துக்கு முன்னால் சேஸிஸ் மேலே வளையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் கீறினால் கறுப்புப் பூச்சு பாளமாக உரிந்தது, உள்ளே ரிவெட் அடித்த தகரம். கவனிக்காமல் விட்ட துரு இல்லை இது. எல்லாம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, நிதானமாக மூடியிருக்கிறார்.

சரிசெய்ய பாடியையே சேஸிஸிலிருந்து தூக்க வேண்டுமாம். சொன்ன தொகை கார் விலையைத் தாண்டியது.

டீலர் ஒரே பதில்தான் சொல்கிறார்: 'ஆஸ் இஸ்', உள்ளது உள்ளபடி விற்றது. கண்ணாடியில் ஒட்டியிருந்த பையர்ஸ் கைடு தாளிலும் (பழைய காருக்கு வாரண்டி உண்டா இல்லையா என்று டீலர் காட்டும் அறிவிப்பு) அந்தக் கட்டத்தில்தான் டிக். மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அந்த மத்திய விதி வீட்டு வாசலில் வந்து விற்பவர்களுக்கானது. டீலர் கடையில் வாங்கிய காருக்குச் செல்லாது. ஆனால் என் வக்கீல் சொல்வது, தெரிந்தே மறைத்ததற்கும் பொய் சொன்னதற்கும் 'ஆஸ் இஸ்' எப்போதும் கேடயம் ஆகாது, மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது என்று. விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், மெசேஜ்கள், டிக் போட்ட அந்தத் தாள் எல்லாம் பத்திரமாக இருப்பதால்தான் வழக்குக்கு உயிர் இருக்கிறது. நீங்களும் முதல் நாளே எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள்.

கார் பார்க்கப் போகும்போது எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். அந்த எஞ்சினுக்குப் பாகங்கள் மலிவு, எங்கும் கிடைக்கும். முதலில் கண்ணாடி மூலை, அடுத்து பக்கப்பலகைக்குப் பின்னால் தூண் அடி, பிறகு சேஸிஸ் வளைவு. கதவைப் பாதி திறந்து மேலே தூக்கிப் பாருங்கள். தொங்கி ஆடினால் கீல் தேய்ந்திருக்கலாம், தூணே போயிருக்கவும் கூடும். நாற்பது வயது தாண்டிய காருக்கு நேற்று அடித்த கறுப்புப் பூச்சு இருந்தால் காரணம் கேளுங்கள். உங்கள் மெக்கானிக்கை விட மறுத்தால் பேச்சை வளர்க்காமல் கிளம்பிவிடுங்கள்.

இதே கடையில் இப்போது சிவப்பு 1977 ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. "ஃபைபர் பாடி, துருவே கிடையாது" என்று அதே வாசகம். படத்தில் அடிப்பக்கம் கன்னங்கரேலென்று இருக்கிறது. ஓஹாயோ பக்கம் யாராவது அதற்கு அட்வான்ஸ் கொடுக்கும் யோசனையில் இருந்தால் முதலில் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், கண்ணாடிக்கடையில் எடுத்த படங்களை அனுப்புகிறேன்.