கடைமடைக்கு எத்தனை கிலோ? ஒரு சிஎன்ஜி பங்கில் 11 மாதக் கணக்கு

கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில் சுற்றுக்கு வாடகை வண்டி ஓட்டுகிறேன். சொந்த வண்டி. எர்டிகா கார், சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில் ஓடுவது. கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு கேஸ் பங்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். கம்பெனி பெயர் போடவில்லை. குறை சொல்வது அங்கே வேலை பார்க்கும் பையன்களை அல்ல, கேஸ் வந்து சேரும் விதத்தைத்தான். சிஎன்ஜி வண்டி வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் "பங்க் எத்தனை இருக்கு?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்வி போதாது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

என் நாள் எப்படிப் போகும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை ஐந்தரைக்குப் பார்ட்டியை லாட்ஜில் ஏற்றினால் திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர். மதியம் நடை சாத்திவிடுவார்கள். மாயவரத்தில் சாப்பாடு. நாலு மணிக்குமேல் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியாகத் திருநள்ளாறு. திரும்பி வந்து சேரும்போது என் மீட்டரில் 270 கிலோமீட்டர் பக்கம் ஓடியிருக்கும். என் வண்டி சிலிண்டர் 60 லிட்டர். அடிமட்டத்தில் போய் நிறைத்தால் எட்டரை கிலோவுக்குக் கொஞ்சம் கூட ஏறும். ஆறு பேர், ஏசி, கோயில் வாசல் நெரிசல் எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 22 கிலோமீட்டர் கொடுக்கிறது. ஆக ஒரு சிலிண்டரில் சுற்று முடியாது. நடுவில் ஒரு தடவை நிறைத்தே ஆக வேண்டும். அதற்கு எனக்கிருக்கும் நேரம் மதியம் நடை சாத்தியிருக்கும் அந்த மூன்று மணி நேரம்தான்.

கேஸ் தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். மாற்றிக்கொள்ளலாம், வண்டி நடுவழியில் நிற்காது. ஆனால் கேஸில் கிலோமீட்டருக்கு நாலு ரூபாய் ஆகும் இடத்தில் பெட்ரோலில் ஆறரை ரூபாய் ஆகிறது. வாடகை பேசியது கேஸ் கணக்கில். மிச்சம் 80 கிலோமீட்டரைப் பெட்ரோலில் ஓட்டினால் 200 ரூபாய் என் கையை விட்டுப் போகும். சனிக்கிழமை திருநள்ளாறு கூட்டத்தில் ஊர்ந்து போனால் இன்னும் கூட.

அதனால் போன வருஷம் ஒரு நோட்டுப் போட்டேன். போன நேரம், எனக்கு முன்னால் நின்ற வண்டி, காத்திருந்த நிமிஷம், ஏறிய கிலோ. 11 மாதத்தில் 214 தடவை போயிருக்கிறேன். எட்டு கிலோவும் அதற்கு மேலும் ஏறியது 97 தடவை. ஆறிலிருந்து எட்டுக்குள் 71. ஆறுக்கும் கீழே 29. கேஸே இல்லாமல் திரும்பியது 17 தடவை. பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். நேரத்தைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் உண்மை தெரிகிறது. காலை ஆறு மணிக்கு முன்னால் போனதில் கேஸ் இல்லை என்று திரும்பியது ஒரே ஒரு தடவை. மிச்சம் 16-உம் மதியமும் சாயங்காலமும்.

ஏன் இப்படி என்று அங்கேயே நின்று நின்றுதான் புரிந்துகொண்டேன். இந்தப் பங்குக்குக் குழாய் வழியாகக் கேஸ் வருவதில்லை. குழாய் வந்து சேரும் தாய் நிலையம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே சிலிண்டர் அடுக்கில் 250 பார் அழுத்தத்துக்கு அடைத்து லாரியில் கொண்டுவருவார்கள். இந்த அடுக்கைத்தான் கேஸ்கேட் என்கிறார்கள். நம் வண்டிக்கு வேண்டியது 200 பார். லாரி வந்து குழாயை மாட்டியவுடன் நிற்கும் முதல் நாலைந்து வண்டிக்கு மளமளவென்று ஏறிவிடும். வண்டிக்கு வண்டி கேஸ்கேட் அழுத்தம் இறங்கும். தள்ளிவிட ஒரு பூஸ்டர் கம்ப்ரஸர் உண்டு, ஆனால் வரிசையாக வண்டி நின்றால் அதற்கும் மூச்சு வாங்கும்.

டெல்டாக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தார்கள், கல்லணையில் இத்தனை கன அடி விட்டார்கள் என்று பேப்பரில் வரும். தலைஞாயிறு பக்கம் நிலம் வைத்திருக்கும் என் மச்சான் அந்தக் கணக்கைப் பார்க்கவே மாட்டார். மடைக்கு எப்போது வந்தது, எத்தனை விரல் நின்றது, அதுதான் அவர் கணக்கு. வாய்க்காலில் தண்ணீர் முதலில் பாயும் இடம் தலைமடை, கடைசியில் பாயும் இடம் கடைமடை. பங்கிலும் இந்த இரண்டும் இருக்கிறது. லாரி வந்ததும் நிற்பவன் தலைமடைக்காரன். பன்னிரண்டாவது வண்டி கடைமடை. சிஎன்ஜி வண்டி வாங்கின நாளிலிருந்து மதியத்தில் நான் கடைமடைக்காரன்தான்.

சித்திரையில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். கோயம்புத்தூர்ப் பார்ட்டி. வயதான அம்மா ஒருவர், மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். கேஸ் பிடிக்கும்போது வண்டிக்குள் யாரும் உட்காரக் கூடாது, அது பாதுகாப்பு விதி. அதில் நான் தளர்வு கேட்கவே மாட்டேன். மாயவரத்தில் சாப்பிட்டுவிட்டு இரண்டேகால் மணிக்குப் பங்குக்கு வந்தோம். எனக்கு முன்னால் ஒன்பது வண்டி, அதில் நாலு ஆட்டோ. முறை வரும்போது மணி மூன்றைத் தொட்டுவிட்டது. அந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நிற்க நிழல் இல்லை. கூரை நிழல் முழுக்க வண்டிகளுக்கு. மதில் ஓரம் நட்ட வேப்பங்கன்று இடுப்பு உயரம்கூட வரவில்லை. கழிப்பறைக் கதவில் பூட்டு. அந்த அம்மா டயர் தடுப்புக்குப் போட்டிருந்த சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து, "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?" என்று கேட்டார். "இதோ ஆச்சும்மா" என்றேன்.

பையன் நாசிலை மாட்டி வால்வைத் திருப்பினான். கேஸ் பிடிப்பதைக் காதால் பார்க்கலாம். நல்ல அழுத்தம் இருந்தால் தொடக்கத்தில் சீறல் பலமாகக் கேட்கும், மீட்டரில் பத்துப் பத்தாக எண் தாவும். அன்றைக்குச் சத்தம் எடுத்த எடுப்பிலேயே தணிந்திருந்தது. பையன் உள்ளங்கையை ஹோஸ்மேல் வைத்துப் பார்த்தான். ஓட்டம் இருந்தால் ஹோஸ் சில்லென்று இருக்கும், லேசாக அதிரும். கையை எடுத்துவிட்டான். மீட்டரில் கிலோ 4.61, 4.62 என்று ஒவ்வொரு புள்ளியாக நகர்ந்து 4.70-ல் நின்றது. "அண்ணே, இதுக்குமேல ஏறாதுண்ணே. லாரி கெளம்பிருச்சு, ஒரு மணி நேரத்துல வந்துடும்." ஒரு மணி நேரம் எங்கே நிற்பது? நாலு மணிக்கு வைத்தீஸ்வரன்கோயிலில் இருக்க வேண்டும். பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். திருநள்ளாற்றிலிருந்து திரும்பும் வழி முழுக்கப் பெட்ரோல்.

இன்னொன்றையும் மதிய நேரத்தில் கவனிக்க வேண்டும். அழுத்தமே நன்றாக இருந்து, மீட்டரில் 200 பார் காட்டினாலும் ஏறும் கேஸ் எடை குறைவு. வேகமாக அடைக்கும்போது சிலிண்டருக்குள் சூடு ஏறும், சூடான கேஸ் அதிக இடத்தைப் பிடிக்கும். வெயிலில் வண்டியும் காய்ந்து வந்திருக்கும். கேஸ் அடைக்கும் மெஷினான டிஸ்பென்சர் 200 வந்ததும் நிறுத்திவிடும். கோயில் வாசலில் அரை மணி நேரம் ஆறினபிறகு பார்த்தால் டேஷ்போர்டில் ஒரு கட்டை குறைந்திருக்கும். கேஸ் கசிந்துவிட்டதோ என்று முதலில் பயந்து மெக்கானிக்கிடம் போயிருக்கிறேன். கசிவு இல்லை, ஆறியதால் அழுத்தம் இறங்கியது. மார்கழி விடியலில் அதே சிலிண்டரில் 8.8 கிலோ வரை பார்த்தேன். அக்னி நட்சத்திரத்தில் தலைமடையில் நின்றும் 7.6.

நல்லதையும் சொல்ல வேண்டும். இந்தப் பங்கில் அளவில் ஏமாற்று இல்லை. ரூபாயை முழுசாக்க மீட்டரை இழுப்பதில்லை. சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் அழுத்தத்தில் தாங்குகிறதா என்ற சோதனை, போட வேண்டும். வண்டியில் இருக்கும் டெஸ்ட் தகட்டில் தேதி பார்த்துத்தான் பிடிப்பார்கள். எனக்கு நாலு நாள் தாண்டியிருந்தது, தெரிந்த முகம் என்றும் பார்க்காமல் திருப்பி அனுப்பினான் பையன். அன்றைக்குக் கோபம் வந்தது. திருச்சியில் டெஸ்ட் போட்டுவிட்டு வந்து அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். முதுகுக்குப் பின்னால் 200 பார் வைத்துக்கொண்டு ஆறு பேரை ஏற்றிப் போகிறவன் நான். 2017-ல் கதிராமங்கலத்தில் வயலில் குழாய் கசிந்து தீப்பிடித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள். இந்த விஷயத்தில் கறார்தான் வேண்டும்.

போன மாசிமகத்துக்கு வந்த ஒரு பார்ட்டியிடம்தான் இந்த நோட்டைக் காட்டினேன். பூர்வீகம் மன்னார்குடி, வேலை கலிபோர்னியாவில். அங்கே டொயோட்டா மிராய் வைத்திருந்தாராம். ஹைட்ரஜன் வண்டி. புகைக்குழாயில் தண்ணீர்தான் வரும். நம்முடையது 200 பார் என்றால் அது 700 பார். சூடேறும் சிக்கல் அதிலும் உண்டு, அதனால் ஹைட்ரஜனை மைனஸ் 40 டிகிரி பக்கம் குளிர்வித்து அடைக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஐந்து நிமிஷத்தில் ஐந்தரைக் கிலோ. சரியாக இல்லாத நாள்தான் அவருக்கும் கதை. முன்னால் இரண்டு வண்டி பிடித்துவிட்டால் கம்ப்ரஸர் மறுபடி அழுத்தம் சேர்க்கும்வரை நிற்க வேண்டும். ஈரக்காற்றில் நாசில் உறைந்து வண்டியோடு ஒட்டிக்கொள்ளும், பனி விடும்வரை கழற்ற முடியாது. 2019 ஜூனில் சாண்டா கிளாராவில் பங்குகளுக்குப் போகும் லாரிகளில் ஹைட்ரஜன் நிரப்பும் ஆலையில் வெடிப்பு ஏற்பட்டபோது, அந்தப் பக்கத்துப் பங்குகள் பலவும் சரக்கு இல்லாமல் நின்றன. லாரி எங்கிருந்து வருகிறதோ அந்த ஒரு இடம் படுத்தால் எல்லாம் படுத்தது. 2024 பிப்ரவரியில் ஷெல் அங்கே கார்களுக்கு வைத்திருந்த ஹைட்ரஜன் பங்குகளை மொத்தமாக மூடிவிட்டது. "காரில் குறையே இல்லண்ணே, பங்க்தான் வித்துட வெச்சுது" என்றார்.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு. அமெரிக்க அரசின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் இந்தப் பங்குகளிடம் கணக்கு வாங்கித் தொகுத்து வெளியிட்டதாம். ஒரு தடவைக்கு எத்தனை கிலோ, எத்தனை நிமிஷம், எது எத்தனை தடவை பழுது என்று. பழுதில் பெரும்பங்கு டிஸ்பென்சரும் கம்ப்ரஸரும். நான் ஸ்கூல் நோட்டில் எழுதியதைத்தான் அவர்கள் நாடளவில் எழுதியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை. நம் நாட்டிலும் 2023 ஜனவரியில் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ஒதுக்கினார்கள். 2025 மார்ச்சில் 37 பஸ், லாரிகளையும் 9 பங்குகளையும் வைத்துச் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்த 9 பங்கில் ஒவ்வொன்றிலும் பத்தாவது லாரிக்கு எத்தனை கிலோ ஏறியது என்று எழுதி ஒட்டட்டும். திறப்பு விழா அன்று முதல் வண்டிக்கு ஏறியதை யாரும் கேட்கப் போவதில்லை.

என் பங்குக்கு வருகிறேன். குத்தாலம் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆற்றாமை. அங்கே கேஸில் ஓடும் 101 மெகாவாட் மின்நிலையம் இருக்கிறது. இந்த மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்த கேஸ் குழாயில் அங்கே போகிறது. அதே ரோட்டில் நாங்கள் லாரி எப்போது வரும் என்று நிற்கிறோம். வயலைக் கிழித்துப் புதுக்குழாய் போடு என்று நான் கேட்கவில்லை. 2020-லிருந்து இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், அதற்காகப் போராடியவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. இருக்கிற லாரியில் ஒன்றைக் கூட்டி மதியம் ஒரு மணிக்கு நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு போர்டில் கேஸ்கேட் அழுத்தத்தை எழுதிப் போடுங்கள், இல்லை ஒரு வாட்ஸ்அப் குரூப். 90 பார்தான் இருக்கிறது என்று தெரிந்தால் மாயவரத்திலேயே பார்ட்டியை நிழலில் உட்கார வைத்துவிடுவேன். அப்புறம் ஒரு பெஞ்சு, நாலு தகரம், கழிப்பறைச் சாவி.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். காலை ஆறுக்கு முன்னால் மட்டும் என்றால் நாலரை.

இந்தப் பக்கம் கேஸ் வண்டியில் வருகிறவர்கள் லாரி வந்து கால் மணி நேரம் கழித்துப் போகாதீர்கள், வந்தவுடன் நில்லுங்கள். பங்கில் போன் நம்பர் வாங்கி வைத்துக்கொண்டு, கிளம்பும் முன் "லாரி வந்துச்சாண்ணே, பிரஷர் என்ன?" என்று கேளுங்கள், உண்மையைச் சொல்வார்கள். பெட்ரோல் அரை டேங்க்குக்குக் கீழே விடாதீர்கள். நேற்று நான் ஐந்து பத்துக்குப் போனேன். முன்னால் ஒரு ஆட்டோ. ஏழு நிமிஷம், 8.6 கிலோ. வேப்பங்கன்றுக்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.