7,500 ரூபாய்க்கு ‘லைஃப்டைம்’ ஆட்டோகேட் வாங்கிய கதை

திருச்சி பக்கம் துவாக்குடியில் சின்னதாக ஒரு டிராயிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். இரண்டு சிஸ்டம், நான், கூட ஒரு தம்பி, அவ்வளவுதான். சுற்றுப்பட்டு ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு ஹாப்பர் (சரக்கு கொட்டும் புனல் தொட்டி), டக்ட் (காற்றுக் குழாய்), ஏணி, பிளாட்ஃபார்ம் என்று ஷாப் டிராயிங் (பட்டறையில் பார்த்துச் செய்யும் வரைபடம்) போட்டுக் கொடுப்பதும், பிளேட் வெட்டும் மெஷின் படிக்கும் டிஎக்ஸ்எஃப் ஃபைல் எடுத்துக் கொடுப்பதும்தான் பிழைப்பு. இதற்கு வேண்டிய வரைபட மென்பொருள் ஆட்டோகேட். பல வருடம் அதன் கிராக் போட்ட திருட்டு நகலில்தான் ஓட்டினேன். அதை மறைத்து யோக்கியன் மாதிரி எழுத எனக்கு இஷ்டமில்லை. ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்று மனசு வந்த பிறகுதான் ஏமாந்தேன், அதுதான் வேடிக்கை.

2023 ஆடி மாதம். ஒரு பெரிய கம்பெனிக்கு வெண்டராகப் பதிவு செய்ய விண்ணப்பம் வாங்கினேன். அதில் ஒரு கட்டம்: பயன்படுத்தும் மென்பொருள், லைசென்ஸ் நகல் இணைக்கவும். அன்று ராத்திரி ஆட்டோகேட் விலையைத் தேடிப் பார்த்தேன். வருடச் சந்தா எனக்குக் கட்டுப்படியாகிற தொகை இல்லை. தேடியதுதான் தேடினேன், மறுநாளிலிருந்து போனைத் திறந்தால் அதே விளம்பரம்: ‘ஆடி ஆஃபர். ஒரிஜினல் ஆட்டோகேட் 2024. லைஃப்டைம் லைசென்ஸ். 7,500 மட்டும். ஜிஎஸ்டி பில் உண்டு.’

வாட்ஸ்அப்பில் பேசினேன். பையன் பேச்சு அவ்வளவு பதவிசு.

“எப்படித் தம்பி இவ்வளவு கம்மியா தர்றீங்க?”

“பல்க்ல எடுக்கிறோம்ணே. மூணு சிஸ்டம் வரைக்கும் போட்டுக்கலாம். வாழ்நாள் பூரா ஒரு பைசா கட்ட வேண்டாம்.”

யுபிஐயில் பணம் போட்டேன். பத்து நிமிடத்தில் ரிமோட்டில் வந்து, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, இன்ஸ்டால் செய்து கொடுத்தான். ஒரு மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் அனுப்பினான். ஐடியில் என் பெயர் இல்லை, கடையின் பெயரும் இல்லை. ஏதோ எழுத்தும் எண்ணுமாக இருந்தது. கேட்டேன். “அது கம்பெனி ஐடிண்ணே, மாத்திடாதீங்க, லைசென்ஸ் லாக் ஆயிடும்.” நானும் தலையாட்டினேன். அன்றைக்கே கணக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் ‘எஜுகேஷன்’ என்று எழுதியிருப்பது கண்ணில் பட்டிருக்கும்.

அப்புறம் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016 ஜனவரியோடு ஆட்டோகேடுக்குப் புதிதாக நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு சந்தா மட்டும்தான். 2024 பதிப்புக்கு லைஃப்டைம் லைசென்ஸ் என்று ஒரு பொருளே கிடையாது. எனக்கு விற்றது, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் கல்விக் கணக்கு. ஒரு வருடத்துக்குக் கொடுப்பார்கள், தகுதி இருக்கும்வரை புதுப்பிக்கலாம், சம்பாதிக்கப் பயன்படுத்தக் கூடாது. யாரோ ஒரு மாணவன் பெயரில் எடுத்த இலவசத்தை எனக்கு 7,500க்கு விற்றிருக்கிறான்.

எட்டு மாதம் ஓடியது. மார்ச் க்ளோசிங் நேரம் எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். எல்லாப் பட்டறையும் வருடக் கணக்கு முடிவதற்குள் சரக்கை அனுப்பி பில் போடப் பார்க்கும். அந்த நேரத்தில் ஒரு காலை சிஸ்டத்தைத் திறந்தால் மறுபடி லாகின் கேட்கிறது. பாஸ்வேர்டு தப்பு என்கிறது. பையனுக்குப் போன் போட்டால், “சர்வர் அப்டேட்ணே, ரெண்டு நாள்.” ரெண்டு நாள் கழித்து, “ரினிவல் வந்துருச்சுண்ணே, 2,500 போடுங்க.” லைஃப்டைமுக்கு ஏதுடா ரினிவல் என்று கேட்கத் தோன்றவில்லை. வேலை கழுத்தில் இருந்தது, போட்டேன். இந்த முறை ஐடி எதுவும் வரவில்லை. ரிமோட்டில் வந்து ஒரு கிராக்கைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். நாலாம் நாள் இது அசல் மென்பொருள் இல்லை என்று திரையிலேயே அறிவிப்பு. அதற்குப் பிறகு அவன் படமும் காணோம், நீல டிக்கும் காணோம்.

பணம் போனது கூடப் பரவாயில்லை. சைட்டில் போனில் திறந்து பார்க்க வசதியாக இருக்கும் என்று மூன்று டிராயிங்கை அந்தக் கணக்கின் கிளவுடிலேயே சேமித்து வைத்திருந்தேன். கணக்கு அவனுடையது, ஆகவே டிராயிங்கும் அவனிடம். இரண்டை பழைய பிரிண்டை வைத்துத் திரும்பப் போட்டோம். மூன்றாவது, சதுர வாயிலிருந்து வட்டத்துக்கு மாறும் டக்ட், தகட்டை விரித்துக் காட்டும் டெவலப்மென்ட்டோடு. அதை முதலிலிருந்து போட இரண்டு நாள் ஆகும். தம்பிதான் டெம்ப் ஃபோல்டரைக் கிளறிவிட்டு, “அண்ணே, ஒரு எஸ்வி டாலர் ஃபைல் கிடக்கு” என்றான். ஆட்டோகேட் தானாகச் சேமிக்கும் ஃபைலுக்கு அந்த வால்தான் இருக்கும். ஒழுங்காக மூடினால் அழிந்துவிடும். போன வாரம் கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் கையை விரித்து, சிஸ்டம் பட்டென்று அணைந்த அன்று அது அழியாமல் தங்கியிருந்தது. வாலை, ஆட்டோகேடின் வழக்கமான ஃபைல் வடிவமான டிடபிள்யூஜி என்று மாற்றித் திறந்தோம். டக்ட் முழுசாக வந்தது. மின்வாரியத்துக்கு நான் நன்றி சொன்ன ஒரே நாள் அதுதான்.

இதற்கிடையில் அந்த வெண்டர் விண்ணப்பம். பையன் கொடுத்த பில்லைப் பெருமையாக இணைத்து அனுப்பியிருந்தேன். பர்ச்சேஸ் ஆபீசர் கூப்பிட்டார். “சார், பில்லுல இருக்கிற ஜிஎஸ்டி நம்பரைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்க.” போனைக் காதில் வைத்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினேன். பதினாலு. “பதினஞ்சு இருக்கணும் சார்” என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33இல் தொடங்கும், அடுத்த பத்து எழுத்து அவர்களுடைய பான் எண் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. அந்தக் கம்பெனி பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

என் ஆடிட்டர் இன்னொரு குண்டைப் போட்டார். பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாளுக்குக் குறையாமல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இதில் ‘தெரிந்தே’ என்ற வார்த்தைதான் முக்கியம். பில் பொய் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து நானும் தெரிந்தவன் ஆகிவிட்டேன். அன்றே இரண்டு சிஸ்டத்தையும் ஃபார்மட் அடித்தோம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் செய்து, சைபர் க்ரைம் போர்ட்டலிலும் யுபிஐ விவரத்தோடு புகார் பதிந்தேன். ஆனால் பணம் போட்டு வாரக்கணக்கில் ஆகியிருந்தது. உடனே சொன்னால்தான் பணத்தை வழியில் மடக்க முடியும். புகார் எண் இருக்கிறது, பத்தாயிரம் வரவில்லை.

சரி, விலை குறைவாக நேர்மையாக எதுவும் கிடையாதா என்றால், இருக்கிறது. அது தெரியாமல்தான் அவனிடம் போய் விழுந்தேன்.

டூடி மட்டும் போதும் என்றால் ஆட்டோகேடிலேயே எல்டி என்று குறைந்த விலைச் சந்தா உண்டு. முன்பு அதில் லிஸ்ப் (ஆட்டோகேடுக்குள் நாமே எழுதி ஓட்டும் சின்ன நிரல்) ஓடாது என்பதால் நாங்கள் சீண்டுவதில்லை. 2024 பதிப்பிலிருந்து ஓடுகிறது. நிரந்தர லைசென்ஸ்தான் வேண்டும் என்றால் பெல்ஜியத்தின் பிரிக்ஸ்கேட், சீனாவின் இசட்டபிள்யூகேட், ஜிஸ்டார்கேட் ஆகியவை இருக்கின்றன. டிடபிள்யூஜியை நேரடியாகத் திறக்கும், கட்டளைகளும் கிட்டத்தட்ட அதேதான். எல் அடித்தால் லைன், டிஆர் அடித்தால் ட்ரிம். கை புதிதாகப் பழக வேண்டியதில்லை. டிராஃப்ட்சைட்டை இன்னும் இலவசம் என்று சொல்லித் திரிபவர்கள் உண்டு. அது 2019 கடைசியோடு முடிந்த கதை.

முழு இலவசத்தில் லிப்ரேகேட் டூடிக்குச் சரி. ஆனால் அது டிஎக்ஸ்எஃப் ஆள், டிடபிள்யூஜியை நம்பிக் கொடுக்க முடியாது. க்யூகேட் கொஞ்சம் காசு, டிடபிள்யூஜியும் திறக்கும், ஆனால் நம் லிஸ்ப் ஓடாது. த்ரீடிக்கு ஃப்ரீகேட். 2024 நவம்பரில்தான் 1.0 பதிப்பே வந்தது. அதற்கு முன்னால், ஹாப்பரின் ஒரு முகத்தை மாற்றினால் அதன் மேல் போட்ட துளையெல்லாம் இடம் தவறிப் போய் உட்காரும். 1.0இல் அது பெருமளவு அடங்கியிருக்கிறது. ஷீட்மெட்டல் ஆட்ஆன் போட்டுக்கொண்டால் மடித்த தகட்டைத் தட்டையாக விரித்தும் தரும். டிடபிள்யூஜி திறக்க மட்டும் தனியாக ஒரு கன்வெர்ட்டர் இறக்க வேண்டும், அதுவும் இலவசம்தான். ஃப்யூஷன் பர்சனல், ஆன்ஷேப் ஃப்ரீ என்ற இலவச த்ரீடி மென்பொருள் இரண்டும் பார்க்க ஆசையாக இருக்கும். தொழிலுக்குக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. ஆன்ஷேப் ஃப்ரீயில் நீங்கள் போடும் டிராயிங்கை ஊரே பார்க்கலாம் என்பது கூடுதல் தகவல். கஸ்டமர் டிராயிங்கை அதில் போட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகும் இன்னொரு அடி வாங்கினேன், சின்ன அடி. மேலே சொன்ன நிரந்தர லைசென்ஸ்களில் ஒன்றை முறையான டீலரிடம் வாங்கினேன். எது என்று சொல்லவில்லை, குறை மென்பொருளில் இல்லை. விற்பனைப் பிரதிநிதி லேப்டாப்பில் ஹாப்பரை த்ரீடியில் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். பணம் கட்டி, இன்ஸ்டால் செய்து, படத்தை த்ரீடியாக உயர்த்தும் எக்ஸ்ட்ரூட் என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. பில்லை எடுத்துப் பார்த்தேன், பெயருக்குப் பின்னால் சின்னதாக ‘எஸ்டிடி’. ஸ்டாண்டர்டு பதிப்பு, டூடி மட்டும். டெமோவில் சுழன்றது ப்ரோ. “நீங்க கேக்கலையே சார்” என்றார். ஒரு வாரம் சண்டை போட்டு, கன்சூமர் ஹெல்ப்லைன் 1915 என்று உச்சரித்த பிறகு வித்தியாசத் தொகையில் பாதியை வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்கள்.

இப்போது யாராவது டெமோ என்று வந்தால் அவர்கள் ஃபைலைத் திறக்க விடுவதில்லை. 30 நாள் ட்ரயலை என் சிஸ்டத்தில் போடச் சொல்கிறேன். பிறகு என் பென்டிரைவில் இருக்கும் ஒரு பழைய ஹாப்பர் டிராயிங்கைத் திறக்கச் சொல்கிறேன். அதில் வேண்டுமென்றே எல்லாத் தொல்லையும் இருக்கிறது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தமிழ்க் குறிப்பு, இழுத்தால் நீளும் டைனமிக் பிளாக், பிளேட் எடை போடும் என் லிஸ்ப். அந்த லிஸ்ப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு சதுர மீட்டர் எம்எஸ் (சாதா இரும்பு) பிளேட், ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 7.85 கிலோ. பரப்பைத் தடிமனாலும் 7.85ஆலும் பெருக்கிப் பட்டியலில் எழுதும். அதே டிராயிங்குக்கு அதே எடை வர வேண்டும். ஒரு மென்பொருளில் பாமினி எல்லாம் புரியாத ஆங்கில எழுத்தாக வந்தது, ஒன்றில் பிளாக் திறந்தது, ஆனால் இழுத்தால் அசையவில்லை.

கடைசியாக ஒரு சோதனை, எங்கள் தொழிலுக்கு இதுதான் உயிர். ஆர்12 என்ற பழைய வகை டிஎக்ஸ்எஃப்பாக எடுத்துப் பக்கத்துப் பட்டறையின் பழைய சிஎன்சி பிளாஸ்மாவில் (ஃபைலைப் படித்துத் தகடு வெட்டும் மெஷின்) கொடுத்துப் பார்ப்பது. ஆர்12இல் ஸ்ப்லைன் என்ற நெளிவுக் கோடும் கிடையாது, எலிப்ஸ் என்ற நீள்வட்டமும் கிடையாது. சில மென்பொருள் வளைவை ஒழுங்காகச் சின்னச் சின்னத் துண்டுகள் சேர்ந்த பாலிலைனாக மாற்றும். சில, சத்தமில்லாமல் விட்டுவிடும். திரையில் வட்டமாக இருந்தது பிளேட்டில் பிறை நிலாவாக வெட்டுப்பட்டு வந்தது. 10 மில்லி பிளேட், என் செலவு.

இப்போதைக்கு ஒரு சிஸ்டத்தில் காசு கொடுத்து வாங்கியது, தம்பி சிஸ்டத்தில் ஃப்ரீகேட். இரண்டிலும் லாகின் என் பெயரில், டிராயிங் என் ஹார்டு டிஸ்க்கில்.

இந்த ஆடிக்கும் விளம்பரம் வந்துவிட்டது. பெயர் வேறு, படம் வேறு, விலை 5,999. மாதிரி பில் ஒன்று அனுப்பச் சொன்னேன், உடனே அனுப்பினார்கள். ஜிஎஸ்டி எண்ணை எண்ணிப் பார்த்தேன், சரியாகப் பதினைந்து. தேறிவிட்டார்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் போட்டுப் பார்த்தால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி பெயர் வருகிறது.